ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவே ஒரு சைக்கிள்



"கடற்கரை ஓரமா ஒரு நாள் பூரா சைக்கிள்லயே போகணும்டா" என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் யாராவது ஆரம்பித்தால் போதும், எல்லோர் கண்ணிலும் ஒரே படம்தான் ஓடும். நேரான ரோடு, ஜிலுஜிலு காற்று, மிதிக்காமலே மிதந்து போகிற சைக்கிள்! கடற்கரை என்றாலே தட்டையாகத்தான் இருக்கும் என்பது நம் எல்லோருடைய எண்ணம்.

அப்படித்தானே நினைச்சீங்க? மலைத் தீவின் கடற்கரையில் இந்த எண்ணத்தோடு சைக்கிளை எடுத்தால் மதியத்துக்குள் முழங்கால் சரணடைந்துவிடும். அங்கே கடலோர ரோடு என்பது ரம்பத்தின் பல் மாதிரி. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அதுவும் தனியாளாகப் போனால், மெக்கானிக்கும் நாமே, சமையல்காரரும் நாமே, "போதும்ப்பா, நிறுத்து" என்று சொல்ல வேண்டியவரும் நாமே.

அப்படி ஒரு நாளை நம்முடைய அப்ளைடு மெக்கானிக்ஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. அந்தப் பேப்பரில் அரியர் வைத்திருப்பவர்களும் தைரியமாகப் படிக்கலாம்!

எந்தத் தீவு?

மத்தியதரைக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான கோர்சிகா. 1769-ல் நெப்போலியன் பிறந்த தீவு. வடக்கு தெற்காக 183 கி.மீ. நீளம், அதிகபட்சம் 83 கி.மீ. அகலம். இவ்வளவு சின்னத் தீவில் மோன்டே சின்டோ என்ற சிகரம் 2,706 மீட்டர் உயரம் நிற்கிறது. மேற்குக் கடற்கரையிலிருந்து அந்தச் சிகரம் சுமார் 25 கி.மீ. தூரம்தான்! 25 கி.மீ.க்குள் 2,706 மீட்டர் இறங்க வேண்டுமென்றால் நிலம் எப்படிச் சாய்ந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாம் எடுத்துக்கொள்ளும் பாதை மேற்குக் கரையில் வடக்கே உள்ள கால்வி நகரத்திலிருந்து தெற்கே போர்ட்டோ என்ற சிற்றூர் வரை. சுமார் 75 கி.மீ. உலகப் புகழ் பெற்ற டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தன் 100-வது பந்தயத்தை 2013-ல் இந்தத் தீவில்தான் தொடங்கியது. அதற்கு முன் ஒரு தடவைகூட அது கோர்சிகாவுக்கு வந்ததில்லை. மூன்றாம் நாள் அஜாக்சியோவிலிருந்து கால்வி வரை 145.5 கி.மீ. ஓட்டம். நம் பாதையும் அதற்குள் அடக்கம், ஆனால் எதிர்த் திசையில். ஆஸ்திரேலிய வீரர் சைமன் ஜெரன்ஸ் அந்த முழுத் தூரத்தையும் நாலு மணி நேரத்துக்குள் முடித்து ஜெயித்தார். அதில் பாதிக்கு நாம் ஒரு முழு நாள் எடுத்துக்கொள்ளப் போகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அவருக்குப் பின்னால் உதிரி சக்கரத்தோடு கார் வந்தது. நமக்குப் பின்னால் கேரியர் மட்டும்தான் வரும்!

ரோடு ஏன் ரம்பமாக இருக்கிறது?

தீவின் நடுவில் வடக்கு தெற்காக ஒரு மலைத்தொடர் முதுகெலும்பு மாதிரி ஓடுகிறது. அதிலிருந்து விலா எலும்புகள் போலக் கிளை மலைகள் மேற்கே கடலுக்குள் நீண்டு இறங்குகின்றன. இரண்டு விலாக்களுக்கு நடுவே ஒரு ஆறு, ஒரு பள்ளத்தாக்கு. பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது இந்தப் பள்ளத்தாக்குகளின் வாயில் கடல் புகுந்துகொண்டது. அவைதான் இன்றைய வளைகுடாக்கள். தீவின் மேற்குப் பகுதி பெரும்பாலும் கிரானைட் பாறை. அதனால் கரையும் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. ரோடு போட வந்த என்ஜினீயருக்கு அலை ஓரமாகப் போக இடமே இல்லை. ஒவ்வொரு விலாவிலும் ஏறித்தான் தாண்ட வேண்டும்.

ஆகவே சூத்திரம் ரொம்பச் சுலபம். வளைகுடா வந்தால் இறக்கம், முனை வந்தால் ஏற்றம். மேப்பில் கடற்கரைக் கோடு எத்தனை தடவை வளைகிறதோ, ஏறக்குறைய அத்தனை தடவை கால் வலிக்கும்.

நம் பாதையில் மூன்று கணவாய்கள். முதலாவது மார்சோலினோ, 443 மீட்டர். அங்கிருந்து ஃபாங்கோ ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு, கிட்டத்தட்ட கடல் மட்டத்துக்கே இறங்குகிறோம். மறுபடி பால்மரெல்லா, 408 மீட்டர். அப்புறம் போக்கா ஆ குரோச்சே, 269 மீட்டர். முதல் இரண்டும் சேர்ந்தே 800 மீட்டருக்கு மேல் ஆகிவிட்டது. குட்டி ஏற்றங்களையும் கூட்டினால் 1,000 மீட்டரைத் தாண்டும். "கடற்கரை" என்ற பெயரில் ஒரு மலையேற்றம்!

ஏற்றம்: கியர் என்ன செய்கிறது?

ஓட்டுகிறவர் 70 கிலோ, சைக்கிள் 15 கிலோ, மூட்டை 15 கிலோ. மொத்தம் 100 கிலோ. கணக்குக்கு வசதியான எண்.

5 சதவீத ஏற்றம் என்றால் 100 மீட்டர் போவதற்குள் 5 மீட்டர் உயர்வது. அப்போது பூமி நம்மைப் பின்னால் இழுக்கும் விசை சுமார் 49 நியூட்டன். டயர் உருளும்போது ஏற்படும் தடை ஒரு 6 நியூட்டன். ஆக 55. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறினால் தேவைப்படும் திறன், காற்றுத் தடையும் சேர்த்து, சுமார் 125 வாட். ஒரு குதிரைத் திறனில் ஆறில் ஒரு பங்கு. சாதாரண ஆரோக்கியமுள்ள ஒரு ஆள் இதை ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியும்.

அப்படியானால் நம்ம ஊர் கியர் இல்லாத சைக்கிளிலேயே போய்விடலாமே? இங்கேதான் சிக்கல். 48 பல் செயின் வீல், 18 பல் ஃபிரீவீல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் சுமார் 5.9 மீட்டர் ஓடும். கிராங்க் நீளம் 170 மில்லிமீட்டர். விசையை இந்த விகிதத்தில் மாற்றினால் பெடலில் சராசரியாக 31 கிலோ அழுத்த வேண்டும். அது சராசரிதான். கிராங்க் நேர் மேலும் நேர் கீழுமாக நிற்கும்போது எவ்வளவு மிதித்தாலும் திருகுவிசை கிடையாது. அந்த நஷ்டத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு மிதிக்கும் கிட்டத்தட்ட 48 கிலோ. இதே சைக்கிளில் 8 சதவீத ஏற்றம் வந்தால் 74 கிலோ! 70 கிலோ ஆசாமி சீட்டைவிட்டு எழுந்து முழு உடம்பையும் பெடலில் வைத்தாலும் போதாது. ஹேண்டில் பாரை வேறு பிடித்து இழுக்க வேண்டும். ஏற்றத்தில் நாம் ஏன் இறங்கித் தள்ளுகிறோம் என்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல, கணக்குத்தான்!

முன்னால் 30 பல், பின்னால் 34 பல் என்று கியர் மாற்றினால் ஒரு சுற்றுக்கு 1.85 மீட்டர்தான் போகும். ஆனால் 48 கிலோ மிதி 15 கிலோவாகக் குறைந்துவிடும். 8 சதவீதத்தில்கூட 23 கிலோதான். நிமிஷத்துக்கு 72 சுற்று, உட்கார்ந்தபடியே.

லேபில் நாம் ஸ்க்ரூ ஜாக்கைச் சுற்றியதும் இதே தத்துவம்தான். கியர் வேலையைக் குறைக்காது, விசையைத்தான் குறைக்கும். 400 மீட்டர் ஏறச் செலவாகும் சுமார் 392 கிலோஜூலை எந்தக் கியர் போட்டாலும் கட்டியே தீர வேண்டும். தவணையில் கட்டுவதா, மொத்தமாகக் கட்டுவதா என்பது மட்டும்தான் நம் கையில்.

இந்த உண்மைக்காக ஒரு மனிதர் ஆயுசு முழுக்க வாதாடினார். பிரான்சின் சாந்த் எத்தியென் நகரத்தைச் சேர்ந்த பால் தெ விவி (1853–1930). "வெலோசியோ" என்ற புனைபெயரில் எழுதியவர். மலையில் சைக்கிள் விடப் பல கியர் வேண்டும் என்றார். டூர் டி பிரான்ஸை நடத்திய ஆன்றி தெக்ராஞ்சுக்கோ அது பிடிக்காது. கியர் என்பது பலவீனர்களுக்கு என்ற கட்சி. பந்தயத்தில் டீரெய்லர் கியரை அனுமதித்தது 1937-ல்தான். விவி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. இன்றைக்கு ஒவ்வொரு பந்தய சைக்கிளிலும் கியர் இருக்கிறது என்பதே அவருக்கு வைத்த சிலை என்றால் மிகையாகாது.

இறக்கம்: உண்மையான ஆபத்து இங்கேதான்

ஏற்றம் களைப்பைத்தான் தரும். எலும்பை முறிப்பது இறக்கம்.

மார்சோலினோவின் தெற்குச் சரிவில் 3.3 கி.மீ. தூரம் சராசரி 8 சதவீதத்துக்குச் சரிகிறது. 2013 பந்தயத்தில் அது ஏற்றம், நமக்கு இறக்கம். பிரேக்கே தொடாமல் விட்டால் 100 கிலோ மூட்டை மணிக்கு 55 கி.மீ. வேகத்தைத் தொடும். 30-ல் பிடித்து வைக்க வேண்டுமென்றால் பிரேக் கட்டைகள் விடாமல் 400 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு இஸ்திரிப் பெட்டியின் பாதி அளவு சூடு! அதுவும் ஆறேழு நிமிஷம், ரிம்மின் மேலேயே. ரிம் சூடானால் உள்ளே டியூபில் காற்றழுத்தம் கூடும். பஞ்சர் ஒட்டு இளகும். வளைவின் நடுவில் டியூப் வெடித்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது என்ன? பிரேக்கை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே வரக்கூடாது. நேர் ரோட்டிலேயே, வளைவு வருவதற்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். இடையிடையே ரிம்முக்குக் காற்று பட விட வேண்டும். சந்தேகம் வந்தால் நிறுத்தி, ஐந்து நிமிஷம் கடலைப் பார்க்கலாம். ரிம்மும் ஆறும், மனசும் ஆறும்.

இன்னொன்று. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் நாலு மடங்கு. ஒரே பிடியில் 30 கி.மீ. வேகத்தில் 12 மீட்டரில் நிற்கிற சைக்கிளுக்கு 60-ல் 48 மீட்டர் வேண்டும். கோர்சிகாவின் மலை ரோடுகளில் மாடு, ஆடு, பன்றி எல்லாம் சுதந்திரமாக உலாவும். வளைவுக்கு அந்தப் பக்கம் ரோட்டின் நடுவில் ஒரு பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தால் அது ஹாரனுக்கும் எழுந்திருக்காது, பெல்லுக்கும் எழுந்திருக்காது. இந்த விஷயத்தில் நம்ம ஊர் அனுபவம் கைகொடுக்கும்!

எந்தப் பக்கம் கடல்?

பிரான்சில் வண்டிகள் வலது பக்கம் போகும். மேற்குக் கரையில் தெற்கு நோக்கிப் போனால் கடலும் வலது பக்கம். அதாவது நாம் போவது ரோட்டின் பள்ளத்தாக்கு விளிம்பில். காட்சி அபாரம், மறைக்க எதுவும் இல்லை. ஆனால் பல இடத்தில் நமக்கும் கடலுக்கும் நடுவே ஒரு குட்டைக் கல் சுவர்தான். தலைசுற்றல் உள்ளவர்கள் இதே பாதையைத் தெற்கிலிருந்து வடக்கே ஓட்டலாம். அப்போது மலைப் பக்கம் ஒட்டிப் போகலாம். இடது பக்கம் ஓட்டியே பழகிய நமக்கு இன்னொரு எச்சரிக்கை: ஓய்வெடுத்துவிட்டு மறுபடி கிளம்புகிற முதல் நிமிஷத்தில்தான் பழக்க தோஷத்தில் இடது பக்கம் போய்விடுவோம்.

சூரியனையும் கணக்கில் எடுக்க வேண்டும். மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆகவே காலையில் மலையின் நிழல் ரோட்டின் மேல் விழும். மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக முகத்தில். எனவே பெரிய ஏற்றங்களைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஆறு மணிக்குக் கிளம்புகிறவனுக்கும் ஒன்பது மணிக்குக் கிளம்புகிறவனுக்கும் ரோடு ஒன்றுதான், நாள் வேறு.

காற்று? நாம் 15 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 20 கி.மீ. காற்று அடித்தால் காற்றுத் தடை ஐந்து மடங்குக்கு மேல் கூடிவிடும். சமதளமே 2 சதவீத ஏற்றம் மாதிரி ஆகிவிடும். கூட்டமாகப் போனால் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ளலாம். தனியாளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

டாங்க்கில் என்ன ஊற்றுவது?

1,000 மீட்டர் ஏற்றம், 75 கி.மீ. உருளல், காற்று எல்லாம் சேர்த்து பெடலில் நாம் கொடுக்கும் வேலை உத்தேசமாக 1,500 கிலோஜூல். மனித உடம்பு என்ற என்ஜினின் திறமை நாலில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அதனால் எத்தனை கிலோஜூல் வேலையோ ஏறக்குறைய அத்தனை கிலோகலோரி சாப்பாடு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் இன்னொரு 1,500! பசித்த பிறகு சாப்பிட்டால் லேட். ஜீரணமாகிக் காலுக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். வெலோசியோவே அன்று சொன்ன அறிவுரைதான்: பசிக்கு முன் சாப்பிடு, தாகத்துக்கு முன் குடி. தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. வெறும் தண்ணீராகவே குடிக்காமல் உப்பும் சேர வேண்டும்.

மீதி மூட்டையில் இரண்டு டியூப், டயர் லீவர், பஞ்சர் ஒட்டு, உப்புத்தாள், பம்ப், ஆலன் கீ, செயின் கழற்றும் கருவி, புதுப் பிரேக் கட்டை ஒரு ஜோடி, இரண்டு போக்ஸ் கம்பி. இவற்றை மாற்றத் தெரிந்த கைகளும் கூடவே வர வேண்டும். கை இல்லாத கருவி வெறும் எடை.

ஃபாங்கோ பாலத்தில் ஒரு கேள்வி

இதுவரை சொன்னதெல்லாம் எண்கள். இனிச் சொல்லப்போவதற்குச் சூத்திரம் கிடையாது.

மார்சோலினோ இறங்கி ஃபாங்கோ ஆற்றைத் தொடுகிற இடத்தில் பாதை ஒரு கேள்வி கேட்கிறது. பக்கத்திலேயே கடலோரத்தில் கலேரியா என்ற ஊர் இருக்கிறது. சாப்பாடு, தண்ணீர், தங்க இடம் உண்டு. இந்தப் பக்கம் பால்மரெல்லா ஏற்றம். அதில் வீடுகள் மிகக் குறைவு. மலை மடிப்பில் செல்போன் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஐரோப்பாவின் அவசர எண் 112. ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அது வெறும் எண்தான்.

மணி பதினொன்றரை ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் தண்ணீர்தான் மிச்சம். முழங்காலில் லேசாக ஒரு குத்தல். போகலாமா, நிற்கலாமா?

நண்பன் ஒருத்தன் கூட இருந்தால் முகத்தைப் பார்த்தே "டேய், போதும்டா" என்று சொல்லிவிடுவான். தனியாக இருந்தால் சொல்வது நம் மூளை. களைத்த மூளையோ மோசமான ஆலோசகர். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தானே" என்று வக்கீல் மாதிரி வாதாடும். ஆகவே தீர்ப்பை முன்னாடி ராத்திரியே எழுதி வைத்துவிட வேண்டும். "பத்து மணிக்குள் பாலம் வராவிட்டால் கலேரியாவில் தங்கல். தண்ணீர் இரண்டு பாட்டிலுக்குக் குறைந்தால் ஏற்றம் இல்லை. வலி வந்தால் பயணம் ரத்து." ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில் பாரில் ஒட்டிவிடுங்கள். தங்குமிடத்திலும் வீட்டிலும் "இந்தப் பாதை, இந்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் தேடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். தனியாகப் போகிறவனுக்கு அந்தச் சீட்டுதான் கூட வருகிற நண்பன்.

மெஷின் ஷாப்பில் எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் எதற்கு இருக்கிறது? ஆபத்து வந்த பிறகு யோசிக்க நேரமிருக்காது என்பதால்தானே? இதுவும் அதேதான்.

பாலத்தைத் தாண்டியவருக்கு

சீட்டில் எழுதியபடி எல்லாம் சரியாக இருந்தால், ஏறுங்கள்! பால்மரெல்லா உச்சியில் கீழே கிரோலாட்டா வளைகுடா தெரியும். கிரோலாட்டா கிராமத்துக்கு இன்றைக்கும் மோட்டார் ரோடு கிடையாது. போக்கா ஆ குரோச்சேயில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து போகலாம், இல்லையென்றால் படகு. அதையொட்டிய ஸ்காண்டோலா இயற்கைக் காப்பகத்தையும் போர்ட்டோ வளைகுடாவையும் யுனெஸ்கோ 1983-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கடைசி இறக்கத்தில் போர்ட்டோ வந்துவிடும். ஜெனோவாக்காரர்கள் ஆண்ட காலத்தில் கடற்கொள்ளைக்காரர்களைக் கண்காணிக்கக் கட்டிய கோபுரம் ஒன்று பாறை மேல் நிற்கும். சாயங்கால வெயில் சுற்றியுள்ள சிவப்புப் பாறைகளில் விழும்போது மலையே தணலாகத் தெரியும். நாள் முழுக்கச் செலவழித்த 1,500 கிலோஜூலுக்கும் ரசீது அதுதான்.

தோழர்களே! கோர்சிகாவுக்கு நம்மில் எத்தனை பேர் போவோமோ, அது வேறு விஷயம். ஆனால் 100 கிலோ எடையும் 8 சதவீத இறக்கமும் எந்த நாட்டிலும் ஒரே கணக்குத்தான். நம்ம காலேஜ் சைக்கிள் ஸ்டாண்டில் இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சைக்கிளைக் குனிந்து பாருங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா? சக்கரத்தில் கோட்டம் இருக்கிறதா? டயரில் வெடிப்பு இருக்கிறதா? இருந்தால் நாளைக்கென்று தள்ளிப் போடாதீர்கள்.

தனியாகப் போகத் துணிச்சல் போதும் என்பார்கள். போதாது. பாதி வழியில் நிறுத்தித் திரும்பி வரத் தெரிந்தவன்தான் தனியாகப் போகலாம். அவனுக்குத்தான் அதே ரோடு அடுத்த வருஷமும் காத்திருக்கும்.

வாழ்த்துகளுடன்,
உங்களில் ஒருவன்,
இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு